அராபிச் சந்தையில் மிஞ்சிய எட்டு பென்னி: வளரும் பருவக் கதைகளில் வளர்ச்சி எங்கே?

இளவேனில் | 6 ஜனவரி 2024, இரவு 9.12

மூன்றாம் ஆண்டு ஆங்கில இலக்கியம். இந்தப் பருவத்தில் வளரும் பருவக் கதைகளுக்கென்று ஒரு தனித் தாள். ஜாய்ஸின் 'அராபி', டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்', ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்', சாலிஞ்சரின் 'தி கேட்சர் இன் தி ரை', டாங்கரெம்பாவின் 'நெர்வஸ் கண்டிஷன்ஸ்'. ஐந்துக்கும் வகுப்பில் ஒரே சட்டகம்தான். அறியாத பிள்ளை, ஒரு சம்பவம், கண் திறப்பு, பெரியவர் ஆதல்.

என் வாதம்: 'அராபி'யில் அந்தப் பையன் வளரவே இல்லை. ஒரு பெண்ணுக்குப் பரிசு வாங்க அராபி என்ற சந்தைக்குக் கடை கட்டும் நேரத்தில் போய்ச் சேர்ந்தான், ஒன்றும் வாங்காமல் நின்றான், கண் எரிந்தது, கதை முடிந்தது. இது வெறும் ஏமாற்றம். இதை 'வளர்ச்சி' என்று எழுதினால்தான் மதிப்பெண் கிடைக்கிறது. எங்கே இருக்கிறது வளர்ச்சி? தெரிந்தவர்கள் காட்டுங்கள்.

வரப்பு | 6 ஜனவரி, இரவு 10.05

பாதி ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சனிக்கிழமை இரவு சந்தையில் நின்ற பையன் வளரவில்லை. ஆனால் கதையைச் சொல்வது அந்தப் பையன் இல்லையே. வீண்பெருமையால் விரட்டப்பட்டு நகைப்புக்கு ஆளான பிராணியாகத் தன்னைப் பார்த்ததாகக் கடைசி வரி சொல்கிறது. பள்ளிக்கூடப் பையன் வாயில் வரும் பேச்சா அது? சொல்பவனுக்கு வயது கூடியிருக்கிறது. எத்தனை வயது என்று ஜாய்ஸ் சொல்லவில்லை, பையனின் வயதையும் சொல்லவில்லை. வளர்ச்சி அந்த இடைவெளியில் இருக்கிறது. கடைசிப் பத்தியில் மட்டும் தேடினால் அகப்படாது.

'அராபி' இடம்பெற்ற தொகுப்பான 'டப்ளினர்ஸ்' 1914இல் வந்தது, மொத்தம் 15 கதைகள். முதல் மூன்றும் சிறுபிள்ளைக் கதைகள், மூன்றும் 'நான்' என்று சொல்லப்பட்டவை. நான்காவதிலிருந்து கடைசி வரை ஒன்றில்கூட 'நான்' கிடையாது. 'அராபி' அந்த மூன்றில் கடைசி. இந்த இடத்தையும் விடையில் ஒரு வரி குறிப்பிடுங்கள்.

வரப்பு | 6 ஜனவரி, இரவு 11.30

இன்னொரு வழியும் இருக்கிறது. காசைப் பின்தொடருங்கள்.

மாமா கொடுப்பது ஒரு ஃப்ளோரின். அது 2 ஷில்லிங், அதாவது 24 பென்னி. சந்தை வாசலில் 6 பென்னி நுழைவாயிலைத் தேடுகிறான், அகப்படவில்லை. மூடிவிடுவார்களோ என்ற பயத்தில் அலுத்துப்போய் நிற்கும் ஒருவரிடம் ஒரு ஷில்லிங்கைக் கொடுத்து உள்ளே போகிறான். போனது 12 பென்னி. கடைசியில் பையில் இரண்டு பென்னிக் காசுகளைச் சறுக்கவிடுகிறான், அவை ஆறு பென்னிக் காசின் மேல் விழுகின்றன. மிச்சம் 8 பென்னி. ஆக 4 பென்னி எங்கே? ரயிலில்தான் போயிருக்க வேண்டும், மூன்றாம் வகுப்புப் பெட்டி. கட்டணத்தைக் கதை சொல்வதில்லை, கழித்தால் விடை வருகிறது.

இப்போது அந்தக் காட்சியைத் திரும்ப வாசியுங்கள். கடையில் இருப்பவை பீங்கான் ஜாடிகளும் பூப்போட்ட தேநீர்ப் பாத்திரங்களும். கையில் 8 பென்னி. விற்கும் பெண் இங்கிலாந்துப் பேச்சுக்கார இளைஞர் இருவரோடு பேசிக்கொண்டே, கடமைக்கு ஒரு வார்த்தை கேட்கிறாள். அவள் சிரித்த முகத்தோடு கேட்டிருந்தாலும் அந்த 8 பென்னிக்கு அவன் என்ன வாங்கியிருப்பான் என்று யோசியுங்கள். ஆறு பென்னி வாசல் அகப்பட்டிருந்தால் 14 இருந்திருக்கும், நிலைமை அப்போதும் பெரிதாக மாறியிருக்காது. நண்பன் மாங்கனின் சகோதரிக்குப் பரிசு கொண்டுவருவேன் என்று சொன்ன கணத்திலேயே அந்த வாக்கு அவன் சக்திக்கு மீறியது. கடையில் அவனுக்கு உறைத்தது அதுவும் சேர்த்துத்தான்.

கோபம் யார் மேல் என்பதை இந்தக் கணக்கு இல்லாமல் எழுத முடியாது.

மணிமாலை | 7 ஜனவரி, காலை 7.48

காசோடு நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாமா வீடு திரும்புவது ஒன்பது மணிக்கு. வாசல் சாவிச் சத்தம், தனக்குத்தானே பேசும் குரல், கோட்டு மாட்டும் தாங்கி ஆடுவது, இவ்வளவும் பையன் காதில் விழுகிறது. இந்த அறிகுறிகளின் பொருள் தனக்குத் தெரியும் என்கிறான். குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்பதை அவன் வாய்விட்டுச் சொல்வதில்லை. பெரியவர்களின் உலகம் அவனுக்கு முன்பே பாதி தெரியும் என்பதற்கு இது சான்று. 'ஒன்றும் அறியாத பிள்ளை' என்ற சட்டகம் இங்கேயே உடைகிறது. இளவேனில், உங்கள் வாதத்துக்கு இந்த வரி பலம்.

சந்தைக்குள் கால் வைக்கும்போது மணி பத்தாக இன்னும் பத்து நிமிடம்.

இளவேனில் | 7 ஜனவரி, மாலை 6.20

8 பென்னிக் கணக்கு எங்கள் வழிகாட்டி நூலில் இல்லவே இல்லை. சரி, ஒரு சந்தேகம். அப்படியானால் ஆசிரியரே அந்தப் பையன் என்று எழுதலாமா? ஜாய்ஸ் கதை நடக்கும் தெருவிலேயே குடியிருந்தவர் என்று படித்தேன். இன்னொன்று, மாக்கிங்பேர்டில் கதை சொல்லும் சிறுமி ஸ்கௌட்டுக்குக் கதை முழுக்க ஆறு வயதுதானே. ஆறு வயதுப் பிள்ளை எப்படி அவ்வளவு நீள வாக்கியம் பேசும்?

வரப்பு | 7 ஜனவரி, இரவு 8.55

ஜாய்ஸ் குடும்பம் நார்த் ரிச்மண்ட் தெருவில் 17ஆம் எண் வீட்டில் இருந்தது உண்மை. அராபி என்ற பெயரில் டப்ளினில் 1894 மே மாதம் சந்தை நடந்ததும் உண்மை, ஜெர்விஸ் தெரு மருத்துவமனைக்கு நிதி திரட்டுவதற்காக. இதை வைத்துக்கொண்டு 'ஜாய்ஸ் சந்தையில் ஏமாந்தார்' என்று எழுதாதீர்கள். கதையில் அந்தப் பையனை வளர்ப்பவர்கள் அத்தையும் மாமாவும். தாய் தகப்பன் பேச்சே இல்லை. ஜாய்ஸ் பெற்றோரோடு, பெரிய குடும்பத்தில் வளர்ந்தவர். தெருவை வைத்துக்கொண்டு குடும்பத்தை எடுத்துவிட்டார். ஏன் எடுத்தார் என்று கேட்டால் நல்ல விடை வரும்.

ஸ்கௌட்: தொடக்கத்தில் ஆறு நிறையப் போகிறது, முடிவில் ஒன்பதை நெருங்குகிறாள். மூன்று கோடைகாலம் கடந்துவிடுகிறது. சொல்வது வளர்ந்த ஜீன் லூயிஸ், அதாவது பெரியவளான ஸ்கௌட். நீள வாக்கியம் அவளுடையது. புத்தகத்தின் முதல் வாக்கியமே அண்ணன் ஜெம்முக்குப் பதின்மூன்று நிறையும் தறுவாயில் முழங்கை முறிந்ததைத்தான் சொல்கிறது. அதாவது முடிவில் நடக்கப்போவதை முதல் வரியிலேயே தெரிந்து வைத்திருக்கும் ஒருத்தி பேசுகிறாள்.

வேலை செய்யும் முறை ஒன்று சொல்கிறேன், பென்சிலும் இரண்டு தாளும் போதும். முதல் தாளில் வயதுக் கோடு. நடக்கும் வயது ஒரு கோடு, சொல்லும் வயது இன்னொரு கோடு, அத்தியாய எண்ணோடு. இரண்டாம் தாளில் கொடுக்கல் வாங்கல். யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார், எதற்கு, திருப்பினாரா. நாவலை இரண்டாம் முறை புரட்டும்போதே இரண்டும் நிரம்பிவிடும். முதல் வாசிப்பில் செய்யாதீர்கள், கதை கையை விட்டுப் போய்விடும்.

வரப்பு | 8 ஜனவரி, காலை 6.40

'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' இந்த முறைக்குப் பொன் போன்ற நாவல். 'ஆல் தி இயர் ரவுண்ட்' இதழில் 1860 டிசம்பர் 1 முதல் 1861 ஆகஸ்ட் 3 வரை வாரத் தொடராக வந்தது. 59 அத்தியாயம், மூன்று கட்டம்: 1 முதல் 19, 20 முதல் 39, 40 முதல் 59. வயதுக் கோட்டை இந்த மூன்றாகப் பிரித்துப் போடுங்கள். தொடக்கத்தில் நாயகன் பிப் ஏழு வயதுச் சிறுவன். சிறுவயதில் அவன் உதவிய கைதி மேக்விட்ச் 39ஆம் அத்தியாயத்தில் மாடியேறி வரும்போது வயது 23.

பணத் தாள்தான் பெரிது.

10ஆம் அத்தியாயம்: மதுக்கடையில் அரத்தைக் கொண்டு பானத்தைக் கலக்கும் ஒரு அந்நியன், பிப்புக்கு ஒரு ஷில்லிங் கொடுக்கிறான். அது சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்தால் அழுக்கேறிய இரண்டு ஒரு பவுண்டு நோட்டு. 13: தொழில் பழகப் பணக்காரி மிஸ் ஹேவிஷம் தரும் 25 கினி. ஒரு கினி 21 ஷில்லிங், ஆக 26 பவுண்டு 5 ஷில்லிங். 18: பிப்பை விட்டுக் கொடுப்பதற்கு ஈடாகப் பணம் வேண்டுமா என்று வழக்கறிஞர் கேட்க, அவனை வளர்த்த அக்கா கணவர், கொல்லர் ஜோ சீறுகிறார். 36: இருபத்தொன்றாம் பிறந்தநாளில் 500 பவுண்டு, இனி ஆண்டுக்கு அவ்வளவு. அதில் பாதியை முன்பணமாக வைத்து நண்பன் ஹெர்பர்ட்டுக்கு ஒரு வணிக நிறுவனத்தில் பங்கு வாங்கிக் கொடுக்க ரகசியமாக ஏற்பாடு செய்கிறான். பிற்பாடு அதை முடிக்க மிஸ் ஹேவிஷமிடம் 900 பவுண்டு கேட்டு வாங்குகிறான். 57: கடனுக்காகக் கைது செய்ய ஆள் வருகிறது, தொகை 123 பவுண்டு 15 ஷில்லிங் 6 பென்னி. பிப் காய்ச்சலில் கிடக்கும்போது ஜோ வந்து பராமரிக்கிறார். உடம்பு தேறியதும் ஒரு நாள் காலை சொல்லாமல் கிளம்பிவிடுகிறார். விட்டுப்போன கடிதத்துக்குள் கடனைக் கட்டிய ரசீது.

இந்தத் தாளைப் போட்டு முடித்ததும் ஒன்று கண்ணில் படும். பிப் பிறருக்காகச் செலவழித்த அந்த ஒரே தொகைதான் பின்னாளில் அவனுக்குச் சோறு போடுகிறது. எல்லாம் போனபின் ஹெர்பர்ட்டின் நிறுவனத்தில், கெய்ரோவில், எழுத்தராகச் சேர்கிறான்.

39ஆம் அத்தியாயத்தில் அந்த இரண்டு நோட்டும் (அன்று அனுப்பியவர் மேக்விட்ச்) திரும்பி வருவதை விட்டுவிடாதீர்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று இன்னும் தெரியாத பிப், பழைய உதவியைத் திருப்பித் தருவதாக எண்ணி, சுத்தமான புது நோட்டு இரண்டை மேக்விட்ச்சிடம் நீட்டுகிறான். அவர் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நீளவாக்கில் மடித்து, முறுக்கி, விளக்கில் பற்றவைத்துச் சாம்பலைத் தட்டில் போடுகிறார். தனக்குக் கொடுத்தவர் யார் என்று பிப்புக்கு விளங்கத் தொடங்குவது அந்தச் சாம்பலுக்குப் பிறகுதான்.

மணிமாலை | 8 ஜனவரி, மதியம் 1.15

27ஆம் அத்தியாயத்தையும் சேர்க்கணும். ஜோ லண்டனுக்கு வரும் காட்சி. தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கணப்படுப்பின் மேல்விளிம்பில் வைக்கிறார். அது விழுந்துகொண்டே இருக்கிறது, பிடித்துக்கொண்டே இருக்கிறார். நடுநடுவே பிப்பை 'சார்' என்கிறார். அவர் வருவதற்கு முன்பு பிப் ஒன்று ஒப்புக்கொள்கிறான்: பணம் கொடுத்து அவரை வராமல் தடுக்க முடிந்திருந்தால் நிச்சயம் கொடுத்திருப்பேன் என்று. அந்த வாக்கியம் சொல்லும் வயதுக்காரனுடையது. லண்டன் பிப் அப்படி நினைத்திருப்பான். அதை ஏட்டில் எழுதும் தைரியம் அவனுக்கு வந்திருக்காது.

வளர்ச்சிக்கு மேற்கோள் ஒன்றுதான் காட்ட இடம் என்றால் இதைக் காட்டுங்கள்.

கரிசல் | 8 ஜனவரி, இரவு 10.22

எல்லாம் சரி. ஆனால் இந்த 'இடைவெளி' அளவுகோல் எல்லாக் கதைக்கும் ஒத்து வராது. பூமணியின் 'வெக்கை' 1982. பதினைந்து வயது செலம்பரம் அண்ணனைக் கொன்றவனின் கையை மட்டும் வெட்ட நினைக்கிறான், வெட்டு வேறிடத்தில் விழுந்து ஆள் செத்துப்போகிறான். நாவல் தொடங்குவதே அங்கிருந்துதான். பிறகு அய்யாவும் மகனும் கரிசல் காட்டில் ஒளிந்து திரியும் சில நாட்கள். வயசாகி நின்று திரும்பிப் பார்த்துச் சொல்ல ஒருவரும் இல்லை. படர்க்கையில், அந்தந்த நேரத்தில் நடப்பது மட்டும். கண் திறக்கும் காட்சியும் கிடையாது. சம்பவம் முதல் பக்கத்திலேயே முடிந்துவிட்டது.

அவன் வளர்வதை எங்கே பார்க்கலாம் என்றால் கையில். எதைப் பொறுக்கி எப்படி வேகவைப்பது, தண்ணிக்கு எங்கே போவது, எந்த நேரத்தில் எந்தப் பொழி வழியாக நடப்பது, அய்யாவிடம் எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது. வகுப்புச் சட்டகத்தில் சம்பவம் நடுவில், அறிவு கடைசியில். இங்கே தலைகீழ்.

வரப்பு | 9 ஜனவரி, காலை 5.58

கரிசல் சொல்வது ஆழமான விஷயம். இடைவெளி என்பது ஒரு கருவி, அதுவே விதி ஆகாது. இடைவெளி இல்லாத இடத்தில் இரண்டாம் தாள் கைகொடுக்கும். 'வெக்கை'யில் ஒரு பிள்ளை ஒரு கணத்தில் பெரியவனானதற்கு ஒரு குடும்பமே வீட்டை விட்டு, நிலத்தை விட்டுக் கிளம்புகிறது. அய்யா, ஆத்தா, மாமா என்று எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். செலவு அவன் ஒருவன் கணக்கில் விழவில்லை.

இந்த இழையில் நான் சொல்ல வருவது இதுதான், இப்போது முழுசாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைகளில் 'என்ன கற்றுக்கொண்டான்' என்பது இரண்டாம் கேள்வி. முதல் கேள்வி, அதற்கு விலை கொடுத்தது யார்.

மாக்கிங்பேர்டில் ஜெம் வளர்கிறான். 21ஆம் அத்தியாயத்தில், செய்யாத குற்றத்துக்கு டாம் ராபின்சன் குற்றவாளி என்று தீர்ப்பு, 22இன் தொடக்கத்தில் ஜெம் அழுகிறான். மனிதர்களைப் பற்றிய அவன் எண்ணம் அங்கே மாறுகிறது. சொல்பவள் தங்கை, வளர்பவன் அண்ணன் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். விலை கொடுத்தவர் டாம் ராபின்சன். சிறையிலிருந்து தப்ப முயன்றபோது சுடப்படுகிறார், உடம்பில் பதினேழு குண்டு. வெள்ளைக்காரப் பிள்ளைகள் பாடம் கற்க ஒரு கறுப்பின மனிதர் சாக வேண்டியிருக்கிறது, அவருடைய பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்று நாவல் கேட்கவில்லை. இந்தக் குறையை விமர்சகர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். எனக்கும் அந்தக் குறை பெரிதாகவே படுகிறது. நாவலைப் பிடிக்கும் என்பதற்காக அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

இளவேனில் | 9 ஜனவரி, இரவு 9.30

'தி கேட்சர் இன் தி ரை' நாயகன் ஹோல்டனை எப்படிப் பொருத்துவது? அவன் எதையும் கற்றுக்கொள்வதாகவே தெரியவில்லை. சொல்லும் வயதும் நடக்கும் வயதும் கிட்டத்தட்ட ஒன்று.

மணிமாலை | 9 ஜனவரி, இரவு 10.10

அதுதான் அந்த நாவலின் கட்டுமானம். நடப்பது பதினாறில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய சில நாட்கள். சொல்வது பதினேழில், மேற்கே ஒரு ஓய்விடத்தில் இருந்துகொண்டு. ஒரு வருட இடைவெளிக்குப் பிப்பின் நிதானம் வராது. அதனால்தான் அவன் தீர்ப்பு சொல்லும்போது நாம் அப்படியே நம்பக் கூடாது.

காசுத் தாள் போட்டீர்களா? தங்கை ஃபீபிக்காக 5 டாலர் கொடுத்து ஒரு இசைத்தட்டு வாங்குகிறான், பூங்காவில் விழுந்து சுக்கல் சுக்கலாகிறது. துண்டுகளைக் கோட்டுப் பையில் எடுத்து வருகிறான், அவள் அந்தத் துண்டுகளை வாங்கிப் பத்திரப்படுத்துகிறாள். பிறகு கிறிஸ்துமஸ் செலவுக்கு வைத்திருந்த பணத்தை அவனிடம் கொடுக்கிறாள். முதலில் 8 டாலர் 85 சென்ட் என்கிறாள், உடனே 65 என்று திருத்துகிறாள், கொஞ்சம் செலவழித்துவிட்டாளாம். அவன் அழத் தொடங்குவது அங்கே. நாவல் முழுக்கப் பணத்தை இறைத்துக்கொண்டு வந்தவனுக்குப் பத்து வயதுத் தங்கை சென்ட் கணக்குப் பார்த்துக் கடன் தருகிறாள்.

வரப்பு | 10 ஜனவரி, காலை 6.15

'நெர்வஸ் கண்டிஷன்ஸ்' பற்றி யாரும் எழுதவில்லை. தாளில் உள்ள ஐந்தில் இந்தக் கேள்விக்கு நேரடியாக முகம் கொடுப்பது அதுதான். 1988இல் வந்தது, களம் ரொடீசியா, இன்றைய ஜிம்பாப்வே. தன் அண்ணன் செத்ததற்கு வருந்தவில்லை என்று முதல் வாக்கியத்திலேயே கதை சொல்லும் தம்பு சொல்லிவிடுகிறாள். 1968இல், அவளுக்குப் பதின்மூன்று வயதில், அண்ணன் நாமோ பொன்னுக்கு வீங்கியில் இறக்கிறான். குடும்பத்தில் ஒரு பிள்ளையைத்தான் பெரியப்பா பாபமுகுரு தன் மிஷன் பள்ளியில் படிக்கவைக்க முடியும். அவன் இடம் காலியானது, இவளுக்குக் கிடைத்தது. விலையை யார் கொடுத்தார் என்று வாசகர் தேட வேண்டியதில்லை, சொல்பவளே மேசைமேல் வைத்துவிடுகிறாள்.

அதற்கு முன்பே அவள் தன் பள்ளிச் சம்பளத்துக்காகச் சோளம் போடுகிறாள். விதை கேட்டு வாங்கி, தனியாக ஒரு துண்டு நிலத்தில் களையெடுத்து, கதிர் பிடிக்கும் நேரத்தில் கதிர்கள் காணாமல் போகின்றன. எடுத்தது நாமோ. மிஞ்சியதை ஆசிரியர் மதிம்பா நகரத்துக்கு அழைத்துப் போய் விற்க வைக்கிறார். அங்கே டோரிஸ் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி, சிறுமியை வேலை வாங்குகிறீர்களா என்று ஆசிரியரிடம் சண்டைக்கு வந்து, கடைசியில் 10 பவுண்டு கொடுக்கிறார். பணம் தலைமையாசிரியர் கைக்குப் போகிறது, ரசீது போடப்படுகிறது. அப்பா வந்து அது தன் பணம் என்று தகராறு செய்கிறார்.

'உழைப்பால் உயர்ந்தாள்' என்று எழுதாதீர்கள். இந்தப் பகுதியில் எல்லோரும் வழுக்கும் இடம் அதுதான். சோளம் விளைந்தது உழைப்பால். 10 பவுண்டு வந்தது ஒரு அந்நியரின் தவறான புரிதலால். டாங்கரெம்பா இரண்டையும் கலக்கவிடாமல் வைத்திருக்கிறார்.

கரிசல் | 10 ஜனவரி, இரவு 8.47

பெண் பிள்ளை, விலை என்று வந்ததால் அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' நினைவுக்கு வருகிறது. 1977. செகந்தராபாத், சுதந்திரத்துக்குப் பிந்தைய மாதங்கள். ஐதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு சேரவில்லை, நிஜாமை ஆதரித்த ஆயுதப் படையான ரஜாக்கர்கள், 1948 செப்டம்பர் 13இல் இந்திய ராணுவம் நுழைந்து 17இல் எல்லாம் முடிகிறது. சந்திரசேகரன் கிரிக்கெட் ஆடும் கல்லூரிப் பையன். கடைசியில் கலவரத்தில் ஓடி ஒரு வீட்டுக்குள் நுழைகிறான். உள்ளே பயந்து ஒடுங்கிய ஒரு முஸ்லிம் குடும்பம். குடும்பத்தை விட்டுவிடச் சொல்லி ஒரு சின்னப் பெண் தன் உடையைக் களைந்து அவன் முன் நிற்கிறாள். அவன் ஓடுகிறான்.

அவனுக்கு அது கண் திறப்புத்தான். அவளுக்கு?

வரப்பு | 11 ஜனவரி, காலை 6.02

அவள் பெயர்கூட நமக்குத் தெரியாது. ஆனால் இதை மாக்கிங்பேர்டின் குறையோடு ஒரே தட்டில் வைக்க மாட்டேன். அங்கே ஜெம்முக்கு ஆறுதல் சொல்ல அப்பா இருக்கிறார், எதிர்வீட்டு மிஸ் மாடி அட்கின்சன் இருக்கிறார், கேக் இருக்கிறது, இன்னும் ஒன்பது அத்தியாயம் இருக்கிறது. அசோகமித்திரன் சந்திரசேகரனுக்கு எந்த ஆறுதலும் தராமல் நாவலை அந்த ஓட்டத்திலேயே நிறுத்திவிடுகிறார். தன்னைப் பார்த்து ஒரு பெண் அப்படிப் பயந்தாள் என்பதிலிருந்து அவனை வெளியே எடுக்க ஒரு பத்திகூடச் செலவிடவில்லை. விலை கொடுத்தது அவள் என்பதை மறைக்காமல் இருக்க இது ஒரு வழி.

மேலே எழுதியதில் ஒரு எல்லையும் போட வேண்டும். விலை, விலை என்று மட்டும் பார்த்தால் மொழிக்குள் நடக்கும் வளர்ச்சி கைநழுவும். ஜாய்ஸின் 'எ போர்ட்ரெய்ட் ஆஃப் தி ஆர்ட்டிஸ்ட்', 1916, ஐந்தே அத்தியாயம். குழந்தைக்குச் சொல்லும் கதையின் மழலையில் தொடங்குகிறது, மார்ச் 20 முதல் ஏப்ரல் 27 வரையிலான நாட்குறிப்பில் முடிகிறது. படர்க்கையில் நடந்த நாவல் கடைசிச் சில பக்கங்களில் 'நான்' ஆகிறது. அங்கே நாயகன் ஸ்டீஃபனின் வயதை வாக்கியத்தின் நீளத்தை வைத்தே சொல்லிவிடலாம். பணமும் வருகிறது, இரண்டாம் அத்தியாயத்தில் பரிசுத் தொகை 33 பவுண்டு. வீட்டாருக்குச் செலவழித்துத் தீர்க்கிறான், அறைக்கு அடிக்க வாங்கிய இளஞ்சிவப்பு எனாமல் பெயிண்ட் பாதியில் தீர்ந்து சுவர் அரைகுறையாக நிற்கிறது. அது அழகான பக்கம். ஆனால் நாவலின் முதுகெலும்பு மொழிதான்.

மணிமாலை | 11 ஜனவரி, மதியம் 12.40

இளவேனிலுக்குத் தேர்வு இருக்கிறது, அதையும் பார்ப்போம். பத்து மதிப்பெண் கேள்விக்குச் சுமார் 600 சொல் என்று வையுங்கள். கதைச் சுருக்கம் 80 சொல்லைத் தாண்டக் கூடாது. திருத்துபவருக்குக் கதை தெரியும். சொல்பவர் யார், எத்தனை வயது என்பதற்கு ஒரு பத்தி. பிறகு ஒரே ஒரு காட்சியை எடுத்து 250 சொல்லாவது அதில் நில்லுங்கள், பொருள், காசு, நேரம், யார் எங்கே நின்றார் உட்பட. மேற்கோள் அரை வரி போதும், நான்கைந்துக்கு மேல் வேண்டாம். 'கள்ளமின்மை இழப்பு' என்ற தொடரை விடையில் ஒரு முறைகூட எழுதாமல் முடிக்கப் பாருங்கள். அதை எழுதியதும் கை சிந்திப்பதை நிறுத்திவிடுகிறது.

இந்த வகையின் வரலாறு கேட்டால் இரண்டு வரி: கதேயின் 'வில்ஹெல்ம் மைஸ்டர்ஸ் லேர்யாரெ' 1795-96, பில்டுங்ஸ்ரோமான் (வளர்ச்சி நாவல்) என்ற பெயரைப் பரவலாக்கியவர் வில்ஹெல்ம் டில்தை. அங்கேயே தங்கிவிட வேண்டாம்.

இளவேனில் | 12 ஜனவரி, இரவு 9.05

தாள் இரண்டும் போட்டேன். பிப்பின் பட்டியலில் அவன் காதலிக்கும் எஸ்டெல்லாவுக்கு ஒரு வரிகூட வரவில்லை. அவள் கொடுப்பதும் இல்லை வாங்குவதும் இல்லை, அவளையே கொடுக்கிறார்கள். இதை வைத்து ஒரு கருத்தரங்கக் கட்டுரை எழுதலாமா? முடிவு இரண்டு இருக்கிறதே, எதை எடுத்துக்கொள்வது?

வரப்பு | 12 ஜனவரி, இரவு 10.48

தாராளமாக எழுதலாம். எழுதவும் வேண்டும்.

இரண்டையும் எடுங்கள். டிக்கன்ஸ் முதலில் எழுதியதில் எஸ்டெல்லா இரண்டாம் முறை ஒரு மருத்துவரை மணந்திருக்கிறாள். லண்டன் பிக்கடிலியில் வண்டியில் இருந்தபடி பிப்பைப் பார்க்கிறாள், அவனோடு இருக்கும் குட்டிப் பிப்பை (ஜோவின் மகன்) அவன் மகன் என்று நினைத்துத் தூக்கி முத்தமிடுகிறாள், பிரிகிறார்கள். நண்பர் புல்வர் லிட்டன் சொன்னதன் பேரில் அதை மாற்றி, மிஸ் ஹேவிஷமின் பாழடைந்த சாட்டிஸ் இல்லத் தோட்டத்தில் இருவரையும் சந்திக்க வைத்து அச்சிட்டார். பழைய முடிவு வெளியே வந்தது ஃபார்ஸ்டர் எழுதிய டிக்கன்ஸ் வரலாற்றின் மூன்றாம் தொகுதியில், 1874இல். உங்கள் பதிப்பில் பின்னிணைப்பாக இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் நூலகத்தில் குறிப்புரையோடு வந்த பதிப்பை எடுங்கள்.

இரண்டு முடிவிலும் ஒன்று மாறவில்லை. முதல் கணவன் டிரம்மிலிடம் அவள் பட்ட துன்பம்தான் அவளை மாற்றியது என்று இரண்டுமே சொல்கின்றன. பிப்புக்குப் பாடம் கற்பிக்க மேக்விட்ச்சும் ஜோவும் செலவழித்தார்கள். எஸ்டெல்லாவுக்கு யாரும் செலவழிக்கவில்லை, தன் உடம்பால் தானே கட்டினாள், அதுவும் நாவலுக்கு வெளியே, நாம் பார்க்காத ஆண்டுகளில். பதினோரு ஆண்டு இடைவெளி அது. அந்தப் பதினோரு ஆண்டில் பிப் கெய்ரோவில் என்ன செய்தான் என்பதையும் டிக்கன்ஸ் சில வரியில் முடித்துவிடுகிறார், ஆனால் அந்தச் சில வரியாவது அவனுக்கு உண்டு.

கட்டுரையை 29ஆம் அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள், எஸ்டெல்லா தனக்கு இதயமே இல்லை என்று பிப்பிடம் சொல்லும் இடம். 38இல் மிஸ் ஹேவிஷமோடு சண்டை, நீங்கள் ஆக்கியபடிதான் இருக்கிறேன் என்கிறாள். 44இல் டிரம்மிலை மணக்கப் போவதாகச் சொல்கிறாள். பிறகு 59. இந்த நான்கு அத்தியாயத்தையும் பிப்பின் புலம்பலைத் தாண்டிவிட்டு, அவள் பேசும் வரிகளை மட்டும் தனியே எழுதி வாசியுங்கள். ஒன்றரைப் பக்கம்கூட வருமா என்பது சந்தேகம், கட்டுரைக்கு அது போதும்.